யூட்டில்ஸ்.பை: எல்லாவற்றையும் போடும் பை

பைத்தான் திட்டத்தில் ‘யூட்டில்ஸ்.பை’ (utils.py) என்று ஒரு ஃபைலைத் தொடங்கினால், தேதியை மாற்றுவது, எச்டிஎம்எல் குறிகளை நீக்குவது, மெயில் முகவரியைச் சரிபார்ப்பது என எல்லா ஃபங்ஷனும் அதில்தான் வந்து விழும். பெயருக்கேற்ற பைதான். ‘டேட்ஸ்.பை’ என்று இருந்தால் மெயில் சமாச்சாரத்தை அங்கே வைக்க யாருக்கும் கை வராது.

பை பெருத்தபின் வருவது வட்ட இம்போர்ட்: இரண்டு மாட்யூல்கள் (பைத்தான் ஃபைல்கள்) ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்வது. ஏதோ ஒரு ஃபங்ஷனுக்காக யூட்டில்ஸ், தரவு வடிவங்களை வைத்திருக்கும் மாடல்ஸை இம்போர்ட் செய்யும். மாடல்ஸ் ஏற்கெனவே யூட்டில்ஸை இம்போர்ட் செய்திருக்கும். ஒன்று பாதி ஏறியிருக்கும்போதே மற்றது அதனிடம் ஒரு பெயரைக் கேட்க, இம்போர்ட் எரர். இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள் இறக்கினால் எரர் மறையும், முடிச்சு அவிழாது. பொது மாட்யூல், திட்டத்தின் மற்ற மாட்யூல்களை இம்போர்ட் செய்யக் கூடாது. மாடல்ஸ் தேவைப்படும் ஃபங்ஷன் மாடல்ஸ் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இதைவிடத் தலைவலி பெயர் மோதல். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் ‘ரேண்டம்.பை’ என்று ஒன்றை வைத்துவிட்டு பைத்தானோடு வரும் ‘டெம்ப்ஃபைல்’ மாட்யூலை இம்போர்ட் செய்து பாருங்கள். அது உள்ளுக்குள் பைத்தானின் சொந்த ரேண்டம் மாட்யூலைத் தேடும். பைத்தான் முதலில் பார்ப்பது ஸ்கிரிப்டின் ஃபோல்டரை என்பதால் உங்கள் ஃபைல்தான் சிக்கும். எரர் காட்டும் இடமோ நீங்கள் தொடாத டெம்ப்ஃபைல்! பைத்தானின் புதிய பதிப்புகளில் எரர் செய்தியே இந்தப் பெயர் மோதலைச் சுட்டிக்காட்டுகிறது.

நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் ஒன்றல்ல. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பில் ‘ஓபன்-தமிழ்’ என்று நிறுவி, ‘தமிழ்’ என்றுதான் இம்போர்ட் செய்கிறோம். பேக்கேஜ்கள் வெளியாகும் பைபிஐ தளம், நிறுவும் பெயர் மோதாமல் மட்டுமே பார்த்துக்கொள்ளும். இரண்டு பேக்கேஜ்கள் மேல்மட்டத்தில் ‘யூட்டில்ஸ்’ அல்லது ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டரைக் கொண்டுவந்தால், பின்னால் வந்தது முன்னதன் அதே பெயருள்ள ஃபைல்களை மேலெழுதிவிடும்; பிப் வாய் திறக்காது. ஆகவே எல்லாவற்றையும் திட்டத்தின் பெயருள்ள ஒரே ஃபோல்டருக்குள் வையுங்கள்.

பழைய மாட்யூலுக்குப் பெயர் மாற்றும்போது, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஒரு கமிட்டில் (ஒரு பதிவில்) நகர்த்த மட்டும் செய்யுங்கள்; திருத்தங்கள் அடுத்த கமிட்டில். இயல்பாக 50 சதவீத ஒற்றுமை இருந்தால்தான் கிட் அதைப் பெயர் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். பழைய பெயரில், புதியதிலிருந்து இம்போர்ட் செய்து ‘டெப்ரிகேஷன் வார்னிங்’ (இது கைவிடப்படுகிறது என்ற எச்சரிக்கை) விடும் சிறிய ஃபைல் இருக்கட்டும். எந்த வரியைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ‘ஸ்டாக்லெவல்’ 2 என்று கொடுக்க மறந்தால், எச்சரிக்கை அழைத்தவரின் வரியைக் காட்டாமல் அந்தச் சிறிய ஃபைலையே காட்டும். நேரடியாக ஓடும் ஸ்கிரிப்டைத் தவிர மற்ற இடங்களில் இந்த எச்சரிக்கை இயல்பாகத் தெரியாது என்பதால், ரிலீஸ் குறிப்பிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.