புருவ நூலைக் கையில் எடுக்கும் முன் விலையைச் சொல்லுங்கள்

டீச்சரம்மா பர்ஸைத் திறந்து, யோசிக்காமலே 310 ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார். முழுக்கை வேக்சிங் 250, புருவம் 40, மேலுதடு 20. மூன்று வருடமாக மாறாத கணக்கு. நான் பணத்தை எடுக்கவில்லை. வேலை முடிந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, “அம்மா, இந்த மாதத்திலிருந்து 400 ஆகிறது” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பர்ஸின் உள்ஜிப்பைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாளைப் பிரித்து வைத்தார். மீதி பத்தை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு ஐந்து மாதம் அவர் என் கடைப் பக்கமே வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகைக்கு எடுத்த முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறேன். தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதற்கு அடுத்த வருடம், 2012இல் தொடங்கியது. உதவிக்கு ஆள் கிடையாது. என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்யும் பெண்களுக்காகவும், எங்களிடம் வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். விலை ஏற்றுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பயிற்சி வகுப்பில் ஃபேஷியல் கற்றோம், ஜடை அலங்காரம் கற்றோம். பழகிய முகத்தைப் பார்த்து இனிமேல் இவ்வளவு என்று சொல்வது எப்படி என்ற பாடம் எதிலும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு பிரதோஷத்தன்று பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் டீச்சரம்மாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாமா என்று நினைப்பதற்குள் அவரே அருகில் வந்துவிட்டார். “நீ விலையை ஏற்றியதில் எனக்கு வருத்தமில்லை. நான் எழுந்த பிறகு சொன்னாயே, அதுதான். அந்த நூறு ரூபாய் அன்றைக்கு என் பையில் இல்லாமல் போயிருந்தால் நான் எப்படி நின்றிருப்பேன்?” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. விலையைக் கேட்டு வாடிக்கையாளர் முகம் மாறுமே என்று நான் பயந்து, அந்தப் பயத்தை வேலை முடியும்வரை ஒத்திப்போட்டிருக்கிறேன். கடைசியில் சங்கடம் அவர் தலையில் விழுந்திருக்கிறது.

என்னுடைய இன்னொரு தவறு, மூன்று வருடம் சும்மா இருந்தது. வருடத்துக்கு முப்பது ரூபாயாக ஏற்றியிருந்தால் அதே 400 யாருக்கும் உறைக்காமல் வந்திருக்கும். ஆனால் தள்ளிப்போடுவது கடை தொடங்கியதிலிருந்தே என் பழக்கம். கடலூர்க்காரிக்குக் காரணமா இல்லை? 2015இல் மழை. 2020இல் ஊரடங்கு, கடையையே திறக்க முடியவில்லை, திறந்த பிறகு வந்தவர்களே போதும் என்றிருந்தது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம். ஒவ்வொரு முறையும் இப்போது வேண்டாம், பாவம் என்று விட்டேன். நான் விட்டேன், வீட்டுக்காரர் வாடகையை விடவில்லை.

விலையை ஏற்றாமல் இருப்பது நல்ல மனசு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே நடப்பது வேறு. கட்டுப்படியாகாதபோது கை தானாகவே சுருங்க ஆரம்பிக்கும். ஒருவருக்கான ஃபேஷியல் கிட்டை இரண்டு பேருக்கு இழுப்போம். வேக்ஸ் தடவிய மரக்கரண்டியைத் தூக்கி எறிய மனம் வராமல் மறுபடியும் அதே டப்பாவில் தோய்ப்போம். ஒருவர் தோலில் பட்ட கரண்டி டப்பாவுக்குள் போனால், அவருடைய கிருமி அடுத்தவருக்கும் போக வழி உண்டு. தலைச்சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவி ஒவ்வாமை பார்க்க வேண்டும். அதற்கு யாரும் காசு தருவதில்லை என்பதால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பார்லரில் பல வருடமாக விலையே ஏறவில்லை என்றால் சந்தோஷப்படும் முன், உங்களுக்கென்று புது நூல் வெட்டுகிறார்களா, கரண்டி எத்தனை முறை டப்பாவுக்குள் போகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.

நான் ஒரு நாள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேக்ஸ், அதை உரித்தெடுக்கும் பட்டை, பவுடர் எல்லாம் சேர்ந்தும் பெரிய செலவாக வரவில்லை. பெரிய செலவு நேரம்தான். டீச்சரம்மாவுக்குச் செய்ய முக்கால் மணி, துடைத்து ஒழுங்குபடுத்தப் பத்து நிமிடம். பொருள் வாங்கப் புதுச்சேரி நேரு வீதிக்குப் போனால் அரை நாள் போய்விடும், அன்று வரவு கிடையாது. துண்டு துவைக்கும் நேரத்தை எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் நான் எழுதியதே இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வாடகைக்கு அந்த மாதங்கள் தெரியாது.

2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த வாரம் வந்தவர்களில் பாதிப் பேர், “வரி குறைந்துவிட்டதாமே, நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டில் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்களுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. நான் உங்களிடம் அந்த வரியை வாங்கியதே இல்லை. வாங்காததை எப்படிக் குறைப்பது? பதிவு செய்த பெரிய நிலையங்களின் கதை வேறு. அவர்கள் பில்லில் 5 சதவீதம்தான் இருக்க வேண்டும், பொருள் வாங்கும்போது கட்டும் வரியை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஷாம்பூவுக்கும் தலை எண்ணெய்க்கும் வரி குறைந்தது உண்மை. அதனால் தலை அலசும் விலையை மட்டும் நான் ஏற்றவில்லை, அதைச் சொல்லவும் செய்தேன்.

இப்போது நான் செய்வது இதுதான். வருடத்துக்கு ஒரே முறை, ஆடி முதல் தேதி. ஊரெல்லாம் தள்ளுபடி போடும் மாதத்தில் விலையேற்றமா என்று பக்கத்துக் கடைக்கார அண்ணன் சிரித்தார். ஆடியில் கூட்டம் இருக்காது. வருகிறவர்களிடம் நின்று பேச நேரம் உண்டு. ஆவணி முகூர்த்தத்துக்குள் புது விலை பழகிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஏற்றினால் ஆம்னி பஸ் டிக்கெட்டோடு சேர்த்து நம்மையும் திட்டுவார்கள். ஆனி முதல் வாரத்திலேயே கதவில் பலகை மாட்டுகிறேன். வழக்கமாக வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டே வரி: “ஆடி 1 முதல் விலை மாறுகிறது, பட்டியல் இத்துடன் இருக்கிறது. அதுவரை பழைய விலைதான்.” காரணங்களை அடுக்குவதில்லை. முதல் வருடம் அடுக்கினேன். நான் வாடகை என்றால் அவர்கள் பள்ளிக் கட்டணம் என்றார்கள். நான் மின்கட்டணம் என்றால் அவர்கள் மாமியாரின் மருந்துச் செலவு என்றார்கள். அந்தப் போட்டியில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

“நான் என்ன புது ஆளா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவருக்கு ரகசியமாகப் பழைய விலையைக் கொடுத்தேன். பத்தே நாளில் அவருடைய நாத்தனார் வந்து அதே விலையைக் கேட்டார். அதோடு எல்லோருக்கும் ஒரே விலை என்றாகிவிட்டது. கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா தன் மகள் கல்யாணத்துக்குக் கேட்டபோது காசே வாங்காமல் அலங்காரம் செய்தேன். கணக்கு நோட்டில் அதை மொய் என்று எழுதிக்கொண்டேன். மொய்யைக் காட்டி யாரும் விலை பேச வருவதில்லை.

கல்யாண அலங்காரத்தில் ஒரே விதி: அட்வான்ஸ் வாங்கிய அன்று சொன்ன விலைதான் விலை, இடையில் ஆடி வந்தாலும் சரி. அங்கே நம்மைக் கவிழ்ப்பது விலையும் அல்ல, ‘மட்டும்’ என்ற சொல். திருவந்திபுரம் மலைக்கோயிலில் விடியற்கால முகூர்த்தம் என்றால் நள்ளிரவு ஒரு மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். முகூர்த்த நாளில் அந்த மலையடியில் ஒரே சமயத்தில் எத்தனையோ கல்யாணங்கள். நம் வரிசைக்குள் மணப்பெண் தயாராக வேண்டும். நான் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருக்கும்போது சித்தி வந்து “எனக்குப் புடவை மடிப்பு மட்டும்” என்பார். அவருக்குப் பின்னால் அத்தை, “கொண்டை மட்டும்.” ஏழு ‘மட்டும்’ சேர்ந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். அதனால் இப்போது அட்வான்ஸ் ரசீதிலேயே எத்தனை பேர், யாருக்கு என்ன, கூடுதல் ஆள் வந்தால் எவ்வளவு என்று எழுதி, பெண்ணின் அம்மாவிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். சித்திக்குக் கோபம் வந்தால் அதை அவர் அக்காவிடமே காட்டிக்கொள்ளட்டும்.

இப்படிச் செய்த முதல் வருடம் ஏழெட்டுப் பேர் நின்றுபோனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. சாலையில் பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம்.

டீச்சரம்மா அந்தப் பிரதோஷத்துக்கு அடுத்த வாரமே வந்தார். அடுத்த ஆனியில் முதன்முதலாகப் பலகை மாட்டிய அன்று, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்று மேலிருந்து கீழ்வரை படித்தார். விலையைத்தான் பார்க்கிறார் என்று நூலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ‘விலைபட்டியல்’ என்று நான் எழுதியிருந்ததன் நடுவே ஒரு ‘ப்’ போட்டுவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.