கொன்சியான்ஸ்: மனசாட்சியா, நனவா?

ஆங்கிலத்தில் 'கான்ஷியஸ்னஸ்' வேறு, 'கான்ஷியன்ஸ்' வேறு. முதலாவது, தன் மனதில் நடப்பதைத் தானே அறிந்திருக்கும் நிலை. இரண்டாவது மனசாட்சி. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: கொன்சியான்ஸ். மயங்கி விழுந்தவர் இழப்பதும் கொன்சியான்ஸ். தப்பு செய்தவரை உறுத்துவதும் கொன்சியான்ஸ். ஆங்கில உளவியல் பிரெஞ்சுக்குப் போனபோது இந்த ஒற்றைச் சொல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'கான்சியென்டியா' என்றால் கூடச் சேர்ந்து அறிதல். ஒரு செயலைப் பிறரோடு சேர்ந்து அறிந்திருப்பது, பிறகு தனக்குத் தானே சாட்சியாக இருப்பது என்று அதன் பொருள் நகர்ந்தது. நம் மனசாட்சியிலும் சாட்சி இருக்கிறது, பாருங்கள். பிரெஞ்சு இந்தச் சொல்லைப் பெரும்பாலும் அறம் சார்ந்தே பயன்படுத்திவந்தது. ஆங்கிலமோ 17ஆம் நூற்றாண்டில் அதே வேரிலிருந்து கான்ஷியஸ்னஸ் என்று தனியாக ஒன்றை உருவாக்கிக்கொண்டது. கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ரால்ஃப் கட்வர்த் 1678இல் வெளியிட்ட நூலில் அதைத் தத்துவச் சொல்லாகக் கையாண்டார். அதை மையத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள் என்பதற்கு உடலோ ஆன்மாவோ ஆதாரமல்ல, கான்ஷியஸ்னஸ்தான் ஆதாரம் என்றார். 'மனித அறிவு பற்றிய கட்டுரை'யின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார்.

அந்த நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் பியேர் கோஸ்ட். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் அரசாணை 1685இல் ரத்தானபின் பிரான்ஸில் இருக்க முடியாமல் வெளியேறிய புராட்டஸ்டண்டுகளில் ஒருவர். எஸ்ஸெக்ஸில் ஓட்ஸ் என்ற மாளிகையில் டாமரிஸ் மாஷம் அம்மையாரின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். லாக் தங்கியிருந்ததும் அதே வீட்டில். டாமரிஸ் யாரென்றால், மேலே சொன்ன கட்வர்த்தின் மகள்! ஆக, மொழிபெயர்ப்பாளருக்குச் சந்தேகம் வந்தால் நூலாசிரியரையே கேட்கலாம். இப்படியொரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனாலும் சொல் கிடைக்கவில்லை. மற்ற இடங்களில் 'உள்ளுணர்ச்சி', 'உறுதிப்பாடு' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்களை வைத்து ஒப்பேற்ற முடிந்தது. இரண்டாம் புத்தகத்தின் 27ஆம் அத்தியாயத்தில், 'நான்' யார் என்ற வாதமே இந்த ஒரு சொல்லின்மேல் நிற்பதால், அங்கே அது எடுபடவில்லை. கோஸ்ட் ஒரு முடிவுக்கு வந்தார். பழைய சொல்லையே எடுத்து நடுவில் ஒரு சிறு கோடு போட்டு, 'கொன்-சியான்ஸ்' என்று எழுதினார். வழக்கமான பொருளிலிருந்து இதை விலக்கிப் பயன்படுத்துகிறேன் என்று நீண்ட அடிக்குறிப்பில் விளக்கமும் கொடுத்தார். லத்தீன் வழக்கைத் துணைக்கு அழைத்தார். பிரெஞ்சுத் தத்துவவாதி மாலெபிராஞ்ஷ் முன்பே இதே பொருளில் கையாண்டிருப்பதையும் குறித்தார். 'செல்ஃப்' (தான்) என்பதற்கும் அப்படித்தான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் 'நான்' என்பதைப் பெயர்ச்சொல்லாக்கிய துணிச்சலைக் காட்டி, 'தான்' என்று பொருள்படும் 'சுவா' என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கினார். மொழிபெயர்ப்பு 1700இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் கையறு நிலையை மறைக்காமல் வாசகருக்குத் திறந்து காட்டிய அந்த அடிக்குறிப்பு எனக்குப் பெரிய செயலாகத் தெரிகிறது.

கோஸ்டின் பிரெஞ்சை வைத்துக்கொண்டு லாக்குக்குப் பிரெஞ்சிலேயே மறுப்பு எழுதிய ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸுக்கு அந்தக் கோடு போதவில்லை. 'கொன்சியோசித்தே' என்று புதிதாக ஒன்றைப் படைத்தார். அது வழக்கில் நிலைக்கவில்லை. கோடும் மறைந்தது, பொருள் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு ஆங்கிலத்தின் 'மைண்ட்ஃபுல்னஸ்' (இக்கணத்தில் முழுக் கவனத்தோடு இருத்தல்) பிரெஞ்சில் 'பிளேன் கொன்சியான்ஸ்', அதாவது நிறை கொன்சியான்ஸ். 'செல்ஃப்' கதை வேறு மாதிரி: ஆங்கிலேய மருத்துவர் வினிகாட்டின் உளப்பகுப்பாய்வைப் பிரெஞ்சாக்கியவர்கள் பல இடங்களில் அதை ஆங்கிலமாகவே விட்டுவிட்டார்கள்.

சரி, தமிழில்? நமக்குச் சொற்கள் தாராளமாகவே இருக்கின்றன. மருத்துவமனையில் 'நினைவு திரும்பியது', 'சுயநினைவு இல்லை' என்கிறோம். அதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. 'உணர்வு' என்றால் கோபமும் வலியும்கூட அதற்குள் வந்துவிடும், கலைச்சொல்லாக நிற்காது. 'பிரக்ஞை' இலக்கிய விமர்சனத்தில் நன்கு புழங்கினாலும் அதிலிருந்து கிளைச்சொற்கள் எளிதாகப் பிறப்பதில்லை. உளவியலுக்கு நான் 'நனவு' என்பதையே எடுப்பேன். நனவிலி (அன்கான்ஷியஸ்), நனவோடை (ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸ்) என்று அதன் குடும்பம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

ஒரே குறை, நனவு என்றால் அடிப்படையில் விழித்திருத்தல், கனவுக்கு எதிர்ப்பதம். கனவு காணும்போதும் மனதில் ஏதோ ஓர் அறிதல் நடக்கிறதே. அதனால் லாக்கின் வாதத்தைப் பெயர்க்கும்போது மட்டும் 'தன்னுணர்வு' பொருத்தம். 'நான்' என்பது அதில் வெளிப்படையாக இருக்கிறது.

பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வருபவர்கள் கொன்சியான்ஸுக்கு அருகில் என்ன நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'மொரால்' (அறம் சார்ந்த) என்ற அடைமொழி இருந்தால் மனசாட்சி. 'த சுவா' (தன்னைப் பற்றிய) என்று தொடர்ந்தால் தன்னுணர்வு. 'பிரீஸ் த கொன்சியான்ஸ்' என்றால் ஒன்றை உணரத் தொடங்குவது. சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய பேச்சில் அதற்கு 'விழிப்புணர்வு' சரியாக வரும். அடைமொழி எதுவும் இல்லாமல் தனியாக நின்றால் அந்தப் பத்தி முழுவதையும் படித்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.