கலர் கமென்டேட்டர்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அமெரிக்கக் கூடைப்பந்து ஒளிபரப்பில் மைக் முன்னால் பெரும்பாலும் இருவர் இருப்பார்கள். பந்து யார் கையில், யார் எறிந்தார், வளையத்துக்குள் விழுந்ததா என்று ஆட்டத்தோடு ஓடிக்கொண்டே சொல்பவர் ஒருவர். மூச்சு விடக் கிடைக்கும் இடைவெளியில் ‘அது ஏன் அப்படி நடந்தது’ என்று சொல்பவர் மற்றவர். இந்த இரண்டாமவர்தான் கலர் கமென்டேட்டர். அநேகமாக முன்னாள் ஆட்டக்காரர்.

இங்கே ‘கலர்’ என்பது ஆட்டத்தைச் சுற்றியுள்ள சுவை, சூழல், பின்கதை. ‘கமென்டேட்டர்’ இலத்தீன் வழி வந்த சொல். மூலப்பொருள், ஒன்றை மனத்தில் போட்டுப் புரட்டுவது. அதன் வேரும் வடமொழி ‘மனஸ்’ என்பதும் ஒரே குடும்பம்.

கலர் கமென்டேட்டராக இருந்த முன்னாள் ஆட்டக்காரர் பில் வால்டனை எடுத்துக்கொள்வோம். 1977-இல் போர்ட்லாந்து, 1986-இல் பாஸ்டன் என இரண்டு அணிகளோடு என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி) பட்டம் வென்றவர். காலில் ஓயாத காயம். அதைவிடப் பெரிய தொல்லை திக்குவாய். 28 வயதுவரை நாலு பேர் முன் பேசவே தயங்கியவருக்கு, சத்தமாக வாசித்துப் பழகுவது போன்ற வழிகளைக் காட்டியவர் மார்ட்டி கிளிக்மன் என்ற வானொலி வர்ணனையாளர். அப்புறம் வால்டனை நிறுத்தத்தான் ஆளில்லை! ஆட்டம் பாட்டுக்கு ஆட்டம் நடக்க, இவர் சைக்கிள், மலை, தனக்குப் பிடித்த கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு என்று எங்கெங்கோ போய்விடுவார். கூட இருந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்த டேவ் பாஷ்தான் அவரைத் திரும்ப ஆட்டத்துக்கு இழுத்து வர வேண்டும். 2024 மே மாதம் 71 வயதில் வால்டன் காலமானார்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘வண்ண வர்ணனையாளர்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் வேடிக்கைதான். வர்ணம் என்றாலே நிறம். வர்ணிப்பது என்பது நிறம் தீட்டுவது, பிறகு சொல்லால் தீட்டுவது. நிறத்தின் மேல் இன்னொரு பூச்சு எதற்கு? தவிர, நம் வானொலிக் காலத்திலிருந்தே ‘நேர்முக வர்ணனை’ முதலாமவரின் வேலைக்கு நிலைத்துவிட்டது.

இரண்டாமவருக்கு ‘உரை’தான் பொருந்தும் என்பது என் எண்ணம். குறளுக்குப் பரிமேலழகர் செய்தது அதுதானே: கண்ணுக்குத் தெரிவதன் அடியில் கிடப்பதை எடுத்துக் காட்டுவது. ‘உரையாசிரியர்’ நூலுக்கே இருக்கட்டும். வெறும் ‘உரையாளர்’ மேடைப் பேச்சாளரோ என்று மயங்க வைக்கும். எனவே முதல்முறை ‘ஆட்ட உரையாளர்’, அடுத்தடுத்து ‘உரையாளர்’. ‘வர்ணனை: டேவ் பாஷ், உரை: பில் வால்டன்’ என்று திரையில் போட்டால் யாருக்கு என்ன வேலை என்பது தெரிந்துவிடும்.