மோச்சி மெத்தென்று இருக்கிறதே, அதுதான் வம்பு

ஜனவரி 2, மதியச் சாப்பாட்டு நேரம். நான் பராமரிக்கும் பெரியவரைப் பார்க்க வந்த அவர் மகன், வீட்டில் செய்த ஓசோனியைப் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தார். புத்தாண்டில் ஜப்பானியர் குடிக்கும், மோச்சி என்ற பசையரிசிப் பண்டம் போட்ட சூப் அது. டோக்கியோ பக்கம் தெளிந்த சாற்றில் சுட்ட சதுர மோச்சி. கியோட்டோ பக்கம் வெள்ளை மிசோவில் (புளிக்கவைத்த சோயா விழுது) உருண்டை மோச்சி. மரத்துப்போன விரலுக்கு அந்தக் கிண்ணத்தைப் பிடித்தாலே உயிர் வரும்.

பெரியவருக்கு 91 வயது. இரண்டாவது வாயிலேயே சாப்ஸ்டிக் நழுவி விழுந்தது. இருமல் இல்லை, சத்தம் இல்லை. உதடு நீலம் பாரித்தது. மகன் தேநீர்க் கோப்பையை அவர் வாயருகே கொண்டுபோனார். நான் மகனின் கையைத் தட்டிவிட்டேன், மரியாதையெல்லாம் அப்புறம். முதுகில் நான்காவது அடிக்குக் கட்டைவிரல் அளவுத் துண்டு வெளியே வந்தது.

“மெத்தென்றுதானே இருந்தது, சூப்பில் நன்றாக ஊறியிருந்ததே” என்றார் மகன். டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே வசனத்தைக் கேட்கிறேன். ஐயா, மெத்தென்று இருப்பது கிண்ணத்தில்தான்! வாய்க்குள் போய்ச் சூடு குறையக் குறைய மோச்சி இறுகும், ஒட்டும். ஊறினால் கரைந்துவிட அது பிரெட் இல்லை; பசையரிசியை அவித்து இடித்த பண்டம். கல் மாதிரி இருந்தால் எவரும் மென்றுதான் விழுங்குவார்கள். மெத்தென்று இருப்பதால்தான் மெல்லாமல் உள்ளே தள்ளுகிறார்கள்.

2018, 2019 இரண்டு ஆண்டுகளில் ஜப்பானில் மோச்சி அடைத்து இறந்தவர்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மட்டும் 661 பேர். அவர்களில் 127 பேர் ஜனவரியின் முதல் மூன்று நாட்களில் போனவர்கள். “போன வருஷமும் சாப்பிட்டாரே” என்று சொல்லாதீர்கள். போன வருஷத்துப் பல்லும் எச்சிலும் இந்த வருஷம் இல்லை.

இங்கே புதிதாக வேலைக்கு வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்று. மோச்சி கொழுக்கட்டை இல்லை, கடித்தால் உடையாது, இழுபடும். களி உருண்டையை விழுங்குகிற பழக்கத்தை இதில் காட்டாதீர்கள். யாருக்காவது அடைத்தால் உச்சந்தலையில் தட்டுவதும் வேண்டாம். அதற்கும் தொண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தேநீரோ சூப்போ முதலில் ஒரு மிடறு, தொண்டை நனையட்டும். அடைத்த பிறகு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. துண்டு சிறியதாக இருக்கட்டும், வாய் காலியான பிறகே அடுத்தது. டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அடைத்தவரால் இரும முடிந்தால் இருமவிடுங்கள். குரலே வரவில்லை என்றால் ஒருவர் 119ஐ (இங்கே ஆம்புலன்ஸ் எண்) அழைக்க, இன்னொருவர் ஆளை முன்னால் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக அடிக்க வேண்டும். பலமாக என்றால் பலமாக, தடவிக்கொடுப்பது இல்லை. ஐந்து அடிக்கும் வரவில்லையா, பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேல்வாக்கில் அழுத்துங்கள் (கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இதைச் செய்யக்கூடாது). நினைவு தப்பினால் உடனே மார்பு அழுத்தம். உறிஞ்சி எடுக்க வேக்குவம் கிளீனரைத் தேடி ஓடாதீர்கள், நேரம்தான் போகும்.

மூன்றாம் தேதியோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அலங்காரத்துக்கு வைத்த காகாமி மோச்சியை 11ஆம் தேதி உடைத்து, இனிப்புச் சிவப்புப் பயறுச் சூப்பில் போடுவார்கள். அதைக் கத்தியால் வெட்டக்கூடாது என்பது சம்பிரதாயம். சரி, சாமிக்கு வைத்ததை உடைத்தே எடுங்கள். அப்பாவின் கிண்ணத்துக்குள் விழும் முன் தயவுசெய்து கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள்.