இலையுதிர்காலக் காட்சி ஸ்வெட்டர்: ஊசியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மரமும் மலையும் வானமும் படமாகத் தெரியும் ஸ்வெட்டருக்கான நிறங்கள்: துருச்சிவப்பு, செம்பழுப்பு, பாசிப்பச்சை, கடுகுமஞ்சள். நான்கு நூலுருண்டைகளையும் மேசையில் சேர்த்து வைத்தால் அக்டோபர் மாத ஸ்காட்லாந்து மலைச்சரிவு போலவே இருக்கும். அவற்றைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மஞ்சள் மட்டும் தனித்துத் தெரியும், மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல். பின்னி முடித்தபின் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணில் படப்போவதும் இந்தச் சாம்பல்தான். மரம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று புரியாது.

காட்சி ஸ்வெட்டர்கள் கெடுவது பெரும்பாலும் வரைதாளிலேயே. கை வேகமும் சீரான பிடியும் பிறகு வருகிற விஷயங்கள். இலையுதிர்கால நிறங்கள் சாயலில் வேறுபட்டாலும் அடர்த்தியில் ஒன்றோடொன்று நெருங்கிவிடுகின்றன. அதனால் முதலில் அடர்த்தியை முடிவு செய்யுங்கள்: வானம் வெளிர், தூரமலை கொஞ்சம் மங்கல், கிட்டமலை அடர்வு, மரம் எல்லாவற்றையும்விட அடர்வு. சாயலை அதன்பின் தேர்ந்தெடுக்கலாம். வெண்பட்டை கொண்ட பிர்ச் மரம் வேண்டுமென்றால் வரிசையைத் தலைகீழாக்கி, அதன் பின்னால் அடர்ந்த மலையை வைக்க வேண்டும். பின்னணி நிறத்தையும் உருவத்தின் நிறத்தையும் ஒரே வரிசையில் மாற்றினால் அந்த இடத்தில் குறுக்குக்கோடு விழும். ஒன்றை மாற்றி, இரண்டு வரிசை கழித்து மற்றதை மாற்றினால் மலை மலையாக நிற்கும்.

அடுத்து கட்டத்தாள். சாதாரண கிராஃப் தாளில் கட்டம் சதுரம், ஆனால் கண்ணி, அதாவது பின்னலின் ஒரு வளையம், உயரத்தைவிட அகலம் கூடியது. 10 செ.மீ.க்கு 24 கண்ணி, 28 வரிசை என்ற அளவில் 20 கட்டம் அகலமும் 35 கட்டம் உயரமுமாக ஒரு மரம் வரைந்தால், ஸ்வெட்டரில் அது 8.3 செ.மீ. அகலமும் 12.5 செ.மீ. உயரமுமாகக் குள்ளமாகிவிடும். தாளில் பார்த்த அதே வடிவம் வேண்டுமென்றால் 41 வரிசை வரைய வேண்டும். அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டுக்கேற்ற செவ்வகக் கட்டத்தாளை அச்சிட்டுக்கொள்வது இந்தக் கணக்கையே மிச்சப்படுத்தும்.

மாதிரித் துண்டை வட்டமாகவே, குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னுங்கள், இரண்டு நிறத்தோடு, 15 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல். நனைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். மார்புச் சுற்று 100 செ.மீ. என்றால் 240 கண்ணி. 24 கண்ணியில் ஒரு மரம் என்று வைத்தால் பத்து மரம் சரியாக அமரும். கை இறுகி 10 செ.மீ.க்கு 26 கண்ணி ஆகிவிட்டால், அதே 240 கண்ணி 92 செ.மீ.தான் வரும். வானத்தில் ஒரே நிறத்தில் ஓடும் பகுதி தளர்ந்தும், மரங்கள் நிற்கும் பகுதி இறுகியும் இடுப்பு பிடித்ததுபோல் ஆவது இன்னொரு தொல்லை. இரண்டு நிறப் பகுதி வந்ததும் கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறுங்கள். ஸ்வெட்டரின் கைப்பகுதி போன்ற குறுகிய வட்டத்தில் பிடி இன்னும் இறுகும், அதையும் தனியாக அளந்து பாருங்கள்.

இந்த ஸ்வெட்டரில் அதிகம் யோசிக்க வேண்டியது பின்பக்கம் ஓடும் நூலைப் பற்றித்தான். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளின் ஃபேர் ஐல் பின்னல் மரபில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறம்தான். வேலையில் இல்லாத நூல் உள்பக்கம் காத்திருந்து ஓடும். 24 கண்ணி அளவில் ஐந்தாறு கண்ணி வரை, அதாவது சுமார் இரண்டரை செ.மீ. வரை, அது தானாக ஓடலாம். அதற்கு மேல் போனால் கைவிரலும் மோதிரமும் சிக்கும், அங்கங்கே வேலையில் உள்ள நூலோடு முறுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே 15 கண்ணி வானம் இருந்தால் இரண்டு இடத்திலாவது பிடிக்க நேரும். அதையும் வரிசைதோறும் ஒரே கண்ணியின் பின்னால் பிடித்தால், வெளிர் வானத்தில் அடர்நூல் மேலிருந்து கீழாகக் கோடாய்த் தெரியும். பிடிக்கும் இடத்தை வரிசைக்கு வரிசை தள்ளிப் போடுங்கள்.

இதைவிட நல்ல வழி படத்திலேயே இருக்கிறது. உதிரும் இலைகள்! மரங்களுக்கு இடையே ஐந்து கண்ணிக்கு ஒன்றாக ஒற்றைக் கண்ணி இலைகளைச் சிதறவிட்டால், நூலைப் பிடிக்கும் வேலையே வராது, காற்றும் வீசும். ஒரே நிபந்தனை: இலை அந்த வரிசையில் ஓடும் மரத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாவது நிறமாக ரோவன் மரத்தின் சிவப்புப் பழம் வேண்டுமென்றால், எல்லாம் முடிந்தபின் கண்ணியின் மேலேயே கண்ணி வடிவில் ஊசியால் தைத்துக்கொள்ளலாம். மார்பு முழுக்க ஒரே பெரிய மரம் என்றால் கதை வேறு. அது இன்டார்சியா வேலை. தட்டையாக, ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் தனிச் சிறு கண்டு வைத்துப் பின்ன வேண்டும். வழக்கமான முறையில் அதை வட்டமாகப் பின்ன முடியாது, அடுத்த சுற்றில் நூல் அந்தப் பகுதியின் மறுமுனையில் போய் நிற்கும்.

நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் பரப்பிவிட்டு, பிறகு புதிய நூலை இழுங்கள். இதைச் செய்யாததால்தான் முன்பக்கம் சுருங்குகிறது. பின்பக்கத்தில் கீழே ஓடும் நூலின் கண்ணி ஒரு இழை பெரிதாகத் தெரியும். இரண்டு கையிலும் நூல் பிடிப்பவர்களுக்கு அது பொதுவாக இடக்கை நூல். மரத்தை இடக்கையிலும் வானத்தை வலக்கையிலும் வைத்தால் கடைசிவரை மாற்றாதீர்கள். டீ குடித்துவிட்டு வந்து கை மாற்றிப் பிடித்தால், அந்த வரிசையிலிருந்து மரத்தண்டு மெலிந்துபோகும். ஒற்றைக் கண்ணித் தண்டில் இது அப்பட்டமாகத் தெரியும்.

உடலிலும் கையிலும் மலைக்கோடு ஒரே மட்டத்தில் சேர வேண்டுமென்றால் வரிசைகளை அக்குளிலிருந்து கீழ்நோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். உடலுக்கும் கைக்கும் நீளம் வேறு என்பதால் கீழ்விளிம்பிலிருந்து எண்ணினால் பொருந்தாது.

நூல் விஷயம். சுருக்கமாகச் சொன்னால், ஷெட்லாந்து இரட்டை இழை போன்ற ஒட்டும் தன்மையுள்ள அசல் கம்பளிதான் இதற்கு ஏற்றது. நடுத்தர அளவுக்கு எல்லா நிறமும் சேர்த்து 400 முதல் 500 கிராம் வாங்குங்கள், வானத்துக்கான நிறம் ஒரே சாயத்தொகுதியாக (ஒரே தடவையில் சாயமிட்டதாக) இருக்கட்டும். நம்மூர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். சிறு துண்டைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியும் சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். அக்ரிலிக்கிலும் இந்த ஸ்வெட்டர் பின்னலாம். ஆனால் நனைத்து விரிப்பதால் அதன் கண்ணிகள் சமனாகாது. சூடான இஸ்திரிப்பெட்டியை நேரடியாக வைத்தால் துணி துவண்டு தொங்கும், திரும்பவும் வராது. முன்பக்கத்தை வெட்டி கார்டிகன் ஆக்கும் எண்ணம் இருந்தால் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், வெட்டிய இடத்தில் கண்ணிகள் நழுவும்.

அடர்சிவப்பும் வெளிர் வானமும் சேரும் வேலையில், பின்னத் தொடங்குவதற்கு முன்பே சிவப்பு நூலில் ஒரு சாண் நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுக்க வையுங்கள். துணியில் சாயம் ஏறினால் வேறு சிவப்பு தேடுங்கள். முடிந்த ஸ்வெட்டரைக் குளிர்ந்த நீரில் கசக்காமல் 20 நிமிடம் ஊறவிட்டு, துண்டில் சுருட்டி மிதித்து நீரெடுத்து, அளவுக்கு விரித்து நிழலில் படுக்கையாகக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடை மரங்களை நீட்டிவிடும்.