உளவியல் எடுத்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் கோடையில் ஒரு நோட்டுப் புத்தகம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், வெயில் ஏறும் நாட்களில், என் ஆலோசனை அறைக்குச் சில பெற்றோர் வருவார்கள். குறை என்று எதுவும் இருக்காது. "பதினோராம் வகுப்பில் சைக்காலஜி எடுத்திருக்கிறாள். லீவு முடிவதற்குள் எதைப் படிக்கச் சொல்லலாம்?" என்பதுதான் கேள்வி.

அப்படி வந்த மாணவி ஒருத்தி தயாராகவே வந்திருந்தாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) காணொளிகளில் கேட்ட மனநோய்ப் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எதிரே வீட்டு ஆட்களைப் பொருத்தியிருந்தாள். தம்பிக்குக் கவனக்குறைவுக் கோளாறு. அப்பாவுக்குத் தன்மோக ஆளுமை. தனக்குப் பதற்ற நோய். படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஆர்வத்தில் குறையே இல்லை. ஆனால் பெயர் வைத்த நாளிலிருந்து அவள் தம்பியைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று: சிபிஎஸ்இ பள்ளிகளில் பயன்படும் என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு உளவியல் நூலில் மனநோய்களுக்கென்று பாடமே கிடையாது. அது பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகிறது. முதல் ஆண்டில் இருப்பவை ஆய்வு முறைகள், மனித வளர்ச்சி, புலனுணர்வும் கவனமும், கற்றல், நினைவு, சிந்தனை, ஊக்கமும் உணர்ச்சியும். உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் தொடங்கியபோதே இது அளந்து பார்க்கும் துறையாகிவிட்டது. நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1916-இல் இதற்குத் தனித் துறை திறந்தது. அடுத்தவர் மனத்தைப் படித்துவிடலாம் என்ற ஆசையோடு வரும் பிள்ளைகள் இரண்டாம் பாடத்திலேயே சோர்ந்துபோவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தப் பாடம்தான் ஆய்வு முறைகள்.

ஆகவே, கோடையில் அந்தப் பாடத்தை வாழ்ந்து பார்க்கச் சொல்கிறேன். அந்த மாணவியிடம் புது நோட்டு ஒன்றைக் கொடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு போடச் சொன்னேன். இடப்பக்கம் கண் பார்த்ததும் காது கேட்டதும் மட்டும். வலப்பக்கம் அவளுடைய ஊகம். ஒரு வாரம், தினமும் இருபது நிமிடம்.

"தம்பி படிக்கும்போது அலைபாய்கிறான்" என்று முதல் நாள் இடப்பக்கத்தில் எழுதியிருந்தாள். அது ஊகம், வலப்பக்கம் போக வேண்டியது என்றேன். நான்காம் நாள் குறிப்பு இப்படி இருந்தது: "இருபது நிமிடத்தில் ஆறு முறை எழுந்தான். நான்கு முறை அம்மா கூப்பிட்டார்." வலப்பக்கம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு விரைவாக இதைக் கற்றுத் தந்திருக்காது.

நினைவைப் பற்றிய பாடத்துக்கும் வீட்டிலேயே சோதனை உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில்தான் மிக வேகமாக இருக்கிறது என்பது அவர் கண்டது. இதைத் தமிழில் செய்து பாருங்கள். பொருளற்ற அசை கிடைப்பதே பாடு! தீ, பூ, கை, மை என்று எதைத் தொட்டாலும் பொருள் இருக்கும். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகள் மட்டுமே 42 என்கிறது. ஆகவே பொருளற்ற சில அசைகளைத் தேடிப் பிடிப்பதற்குள், பொருளுள்ள சொல் ஏன் எளிதில் மனத்தில் தங்குகிறது என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பாட்டியிடமோ தாத்தாவிடமோ இதைச் செய்து பார்ப்பதானால் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். முடிவை ஊருக்குச் சொல்லக் கூடாது. இவையும் பாடத்தில் இருப்பவைதான்.

கலைச்சொற்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரியவர்களே இதில் தவறுகிறார்கள். எதிர்மறை வலுவூட்டல் என்பது தண்டனை அல்ல. காரில் சீட் பெல்ட் மாட்டியதும் அந்த எச்சரிக்கை ஒலி நின்றுவிடுகிறதல்லவா? தொல்லை நீங்குவதால் மாட்டும் பழக்கம் உறுதிப்படுகிறது. அதுதான். எந்தச் சொல்லையும் இப்படி வீட்டு எடுத்துக்காட்டோடு தமிழில் அம்மாவிடம் விளக்க முடிந்தால், ஆங்கிலத்தில் தேர்வு எழுதுவது பெரிய பாரமாக இராது.

பணம் கட்டி முன்கூட்டியே வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. பாடநூல் என்சிஇஆர்டி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. அந்த முப்பதுக்கு இந்த நோட்டுப் பழக்கம் நன்றாகவே உதவும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தன் மனத்தின் வலிக்கு விடை தேடியே சில பிள்ளைகள் இந்தப் பாடத்தை எடுக்கிறார்கள். பதற்ற நோய் என்று தனக்குத் தானே எழுதிக்கொண்ட அந்த மாணவியிடமும் நான் முதலில் கேட்டது, "எத்தனை நாளாகத் தூக்கமில்லை?" என்பதுதான். அதற்குப் பாடநூல் பதில் தராது. தனியாக உட்கார்ந்து பேசினோம். உங்கள் பிள்ளை அப்படி ஏதாவது சொன்னால் "படிக்கப் போகிறாயே, தானாகச் சரியாகிவிடும்" என்று தள்ளிவிடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பள்ளி திறக்கும் முன் அவள் மறுபடியும் வந்தாள். இந்த முறை அப்பாவின் பக்கம். ஏழு நாளில் ஐந்து நாள் இரவு ஒன்பதரைக்கு மேல் வந்திருக்கிறார். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் ஒன்றுமில்லை.

"பார்த்ததை வைத்துக் காரணம் தெரியவில்லை மேடம். அவரிடமே கேட்கலாமா?"

"கேளம்மா. அதற்கு நேர்காணல் என்று பெயர். சம்மதம் வாங்க வேண்டும், நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது," என்றாள். "அவர் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்கிறேன்."