கார் ஏசி கூலிங் குறைந்தால் உடனே கேஸ் அடிக்கச் சொல்லாதீர்கள்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்கிற பேச்சு இது: "அண்ணே, ஏசி கூலிங் பத்தல, கேஸ் அடிச்சு விட்டுடுங்க." என்ன கோளாறு என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே, என்ன வேலை செய்ய வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. பல இடங்களில் அப்படியே அடித்தும் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மாதம் குளுகுளுவென்று இருக்கும், அப்புறம் பழைய கதைதான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது அது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிகக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதனால் ஏழெட்டு வருடம் ஓடிய வண்டியில் சற்றுக் குறைந்திருந்தால் அது இயல்பு. ஆனால் போன கோடையில் அடித்த கேஸ் இந்தக் கோடையில் இல்லையென்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மறுபடி அடிப்பது உங்கள் பணத்தைக் காற்றில் விடுவது.

வண்டி வந்ததும், குழாயில் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை நான் மாட்டுவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது கூலிங் வரவில்லை?" என்பதுதான். இதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஹைவேயில் போகும்போது நன்றாக இருக்கிறது, சிக்னலில் நின்றால் அனல் காற்று வருகிறது என்றால் என் சந்தேகம் முதலில் கேஸ் மேல் போகாது, கண்டென்சர் ஃபேன் மேல்தான் போகும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர்தான் கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன் சுற்றினால்தான் உண்டு. ஃபேன் மோட்டார் தேய்ந்து மெதுவாகச் சுற்றினாலும், கண்டென்சர் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலும் சூடு வெளியேறாது. குழாய்க்குள் அழுத்தம் ஏறி, பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். இந்த நிலையில் கூடுதலாகக் கேஸ் அடித்தால் அழுத்தம் இன்னும் ஏறும், கூலிங் இன்னும் குறையும். இதை நீங்களே பார்க்கலாம்: வீட்டில் ஒருவரை ஏசி போடச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கையைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், அது எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும்.

நீண்ட பயணத்தில் முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து, ஏசியை அணைத்துக் கால் மணி நேரம் விட்டால் திரும்பச் சரியாகிறதா? டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்று பொருள். காயிலின் குளிரைக் கவனித்துக் கம்ப்ரஸரை நிறுத்தும் தெர்மிஸ்டர் பழுதாகியிருக்கலாம், கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்தும் இருக்கலாம். எப்போதுமே காற்று கம்மி என்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால் தூசி, இலை, எலி கொண்டுவந்து போட்ட பஞ்சு என்று என்னென்னவோ கிடைக்கும்.

கேஜ் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். என்ஜின் நிற்கும்போது கேஜை மாட்டி, முள்ளைக் காட்டி, "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்றோ "பாதிதான் இருக்கு" என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாய்க்குள் கொஞ்சமாவது திரவ கேஸ் மிச்சமிருக்கும் வரை அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு இல்லை. பல கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் 30 டிகிரி வெப்பநிலையில் கிட்டத்தட்ட 97 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும். உள்ளே 250 கிராம் இருந்தாலும் அதேதான், 450 கிராம் இருந்தாலும் அதேதான். என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, கம்ப்ரஸருக்குள் கேஸ் போகும் லோ பக்கம், அழுத்தப்பட்டு வெளியே வரும் ஹை பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். இரண்டு பக்கமும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் அளவுக்கு மீறிய கேஸ், உள்ளே புகுந்த காற்று அல்லது கண்டென்சர் கோளாறு. லோ ஏறி, ஹை தாழ்ந்து, இரண்டு முள்ளும் நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. அளவு எவ்வளவு என்பதற்குத் தராசு ஒன்றுதான் சாட்சி. உள்ளே இருப்பதை மெஷினில் எடுத்து எடைபோட்டு, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு நிரப்ப வேண்டும்.

கம்ப்ரஸர் என்றதும் ஞாபகம் வருகிறது. வேறோர் இடத்தில் "கம்ப்ரஸர் போச்சு, புதுசு மாத்தணும்" என்று சொல்லியனுப்பிய ஒரு சின்ன கார் எங்களிடம் வந்தது. ஏசி பட்டனைத் தட்டினால், கம்ப்ரஸரை என்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 'டிக்' என்று ஒட்டவே இல்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன ஸ்விட்சான ரிலேயை மாற்றிப் போட்டதும் ஒட்டிக்கொண்டது. சில நூறு ரூபாய் வேலை. கம்ப்ரஸர் ஓடாததற்கு ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், வயர், கிளட்ச் காயில் என்று எத்தனையோ காரணம் உண்டு, எல்லாம் பார்த்த பிறகுதான் கம்ப்ரஸர் மேல் பழி போட வேண்டும். நிஜமாகவே அது உடைந்து இரும்புத்தூள் கிளம்பியிருந்தால், லைனை ஃப்ளஷ் செய்து கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றுங்கள். கண்டென்சருக்குள் தூள் சிக்கியிருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். செலவு அதிகம் என்று இதைத் தவிர்த்தால் புதுக் கம்ப்ரஸரும் சீக்கிரம் போய்விடும்.

ஓட்டை தேடுவதற்குப் பொறுமை வேண்டும். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கசியும் என்பதால், ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் அங்கேதான் முதலில் பார்ப்பேன். கல் பட்ட கண்டென்சர், காய்ந்துபோன ஓ-ரிங், சர்வீஸ் வால்வு, இவைதான் அடிக்கடி. லைனில் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம். டயருக்கு அடிக்கிற காற்றை ஏற்றக் கூடாது. அதிலுள்ள ஈரம் ஆயிலைக் கெடுக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாக உறையும். வேலை முடிந்ததும், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். வேக்குவம் போடாமல் கேஸ் டப்பாவை மாட்டுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

விலை மிகக் குறைவான கேஸ் என்றால் இன்னும் உஷாராக இருங்கள். எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலந்த கேஸும் சந்தையில் உண்டு. கூலிங் காயில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கேஸை 'உஸ்ஸ்' என்று வெளியே திறந்துவிடுவதையும் அனுமதிக்காதீர்கள். புவியைச் சூடாக்குவதில் ஆர்134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு வலிமையானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 450 கிராமைத் திறந்துவிட்டால், ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோலை எரித்த அளவு பாதிப்பு.

வேலைக்கு விடும்போது மூன்று விவரம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எத்தனை கிராம் கேஸ் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள், ஓட்டை எங்கே இருந்தது. அடுத்த வருடம் வேறு மெக்கானிக்கிடம் போனாலும் அந்தத் தாளைக் காட்டுங்கள், அவர் எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.